விரலுக்கு எட்டாத ஆயில்

“உங்க ஊர்ல ஆட்டோமேடிக்கா ஓடறது ஏரித் தண்ணி ஒண்ணுதாம்மா. உனக்கு எதுக்கு ஆட்டோமேடிக் கியர் பாக்ஸு?”

இதைச் சொன்னவர் நான் வேலை பார்த்த கார் பட்டறையின் மேற்பார்வையாளர் பாஸ்கர் சார். கியர் பாக்ஸ் பிரிவில் ஓர் இடம் காலியானதும், பில் போடும் மேசையிலிருந்து எழுந்துபோய் அதை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். கிடைத்த பதில் இதுதான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் மறுநாளும் போய்க் கேட்டேன். அதற்கடுத்த நாளும் கேட்டேன். கடைசியில் என் தொல்லை தாங்காமல்தான் கொடுத்தார். திறமையைப் பார்த்துக் கொடுத்தார் என்று எழுதினால் அது பொய்.

பொன்னேரியில் நான் படித்த பாலிடெக்னிக்கின் ஆண்டு மலரில், பணி ஓய்வு பெற்றவர்கள் அனுபவம் எழுதும் பகுதி ஒன்று உண்டு. இந்த முறை இரண்டாம் ஆண்டு மாணவிகள் இருவர் என்னைத் தேடி வந்து, “ஆயில் மாத்துனப்பறம் வர்ற சத்தம் பத்தி எழுதுங்கக்கா, கிளாஸ்ல யாரும் சொல்லமாட்றாங்க” என்றார்கள். எனக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை. ஆனால் பட்டறையை விட்டு வெளியே வந்துவிட்டேன். அந்த அளவில் நானும் ஓய்வு பெற்றவள்தான்.

படிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நைனாவும் அம்மாவும் பழவேற்காடு ஏரியில் கையால் இறாலும் நண்டும் பிடிப்பவர்கள். மார்பளவுத் தண்ணீரில் சேற்றைத் துழாவிப் பிடித்து, ஓலையால் முடைந்த பறிக்கூடையில் போடுவார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். பாலிடெக்னிக்கில் என் வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். அங்கே பாதியாக அறுத்து வர்ணம் அடித்த ஒரு ஆட்டோமேடிக் கியர் பாக்ஸைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். படிப்பு முடியும்வரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். தொட விட்டதில்லை. மீதியை ஆங்கிலக் கையேடுகளையும் அகராதியையும் வைத்துக்கொண்டு, பில் மேசையில் உட்கார்ந்தபடி நானே படித்தேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

இப்போது சத்தத்துக்கு வருகிறேன்.

கியர் ஆயிலை மாற்றிக் கொடுத்த பிறகு மனிதர்களின் காது திடீரென்று கூர்மையாகிவிடும். ஐந்து வருடமாகப் பாட்டுப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டியவர், சர்வீஸ் முடிந்த மறுநாள் பாட்டை நிறுத்திவிட்டு வண்டியைக் கேட்க ஆரம்பிப்பார். டயர் எழுப்பும் சத்தமும் கண்ணாடி அதிர்வதும் அப்போதுதான் அவருக்குத் தெரியவரும். உடனே திரும்பி வந்துவிடுவார்.

“இன்னா சத்தம் சார்?”

“ஒரு மாதிரி சத்தம்.”

“எப்ப வருது?”

“ஓட்டும்போது வருது.”

இந்த உரையாடலை எத்தனை முறை நடத்தியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. அதனால் இனி இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன், எப்படிப்பட்ட சத்தம் என்று கேட்காதீர்கள். ஒருவர் கொசு என்பார், இன்னொருவர் மிக்ஸி என்பார், எதுவும் உதவாது. எதோடு சேர்ந்து சத்தம் ஏறுகிறது என்று பாருங்கள். கியரைப் பார்க்கிங்கில் போட்டு, ஆக்சிலேட்டரை மெல்ல மிதியுங்கள். வண்டி நகராமல் நிற்கும்போதே சத்தம் என்ஜினோடு ஏறி இறங்கினால், கியர் பாக்ஸின் முன்பக்கம் இருக்கும் ஆயில் பம்ப், அது ஆயில் உறிஞ்சும் ஃபில்டர், அல்லது ஆயிலே காரணமாக இருக்கலாம். சாலையில் வேகம் கூடும்போது மட்டும் ஏறினால், சக்கரத்தின் பக்கம் தேடுங்கள். குளிர்ந்திருக்கும்போது வந்து சூடானதும் போகிறதா, சூடான பிறகுதான் வருகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் பார்த்து முடிக்கும்வரை ஒரு ஸ்பானரையும் கையில் எடுக்காதீர்கள்.

பாஸ்கர் சாருக்கு இதெல்லாம் தேவைப்படாது. அவர் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். கண்ணை மூடுவார். வலது கையின் ஆள்காட்டி விரலை மேலே தூக்குவார். அந்த விரல் மேலே இருக்கும்வரை பட்டறையில் யாரும் சுத்தியல் தட்டக் கூடாது. பிறகு விரலைக் கீழே இறக்கி, “பேரிங்” என்பார். அல்லது “பம்ப்” என்பார். அவ்வளவுதான். வாடிக்கையாளர்கள் சாமியாடியிடம் குறி கேட்டவர்கள் மாதிரி தலையாட்டுவார்கள். சில சமயம் அது சரியாகவும் இருக்கும். அதுதான் பெரிய தொல்லை. எப்போதும் தப்பாகச் சொல்பவரை எளிதில் மறுத்துவிடலாம்.

ஒருமுறை மருத்துவர் ஒருவரின் காரில், ஆயில் மாற்றிய பின் கீழே கரகரவென்று சத்தம். விரல் உயர்ந்தது, இறங்கியது, “பேரிங்”. நான் வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்த்தேன். அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டைப் பூட்டும் கிளிப் ஒன்று உடைந்து, தட்டு தளர்ந்து அடிப்பாகத்தில் உரசிக்கொண்டிருந்தது. புதுக் கிளிப் போட்டதும் சத்தம் நின்றது. சாரிடம் சொன்னேன். “பேரிங் பக்கத்துலதான இருக்கு அந்தத் தட்டு?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது, கோதண்டம் அண்ணன் வரும்வரை.

கோதண்டம் அண்ணன் சுண்ணாம்புக்குளம் பக்கத்து மீனவக் குப்பத்தைச் சேர்ந்த நண்டு வியாபாரி. நைனா பிடிக்கும் நண்டை அவர்தான் எடுத்துக்கொள்வார். முன்பு கடலுக்குப் போனவர். படகு மோட்டாரின் விசிறி இடது கணுக்காலை வெட்டியதிலிருந்து கடலுக்குப் போவதில்லை. அந்தக் காலால் கிளட்ச் மிதிக்க முடியாது என்பதால், பழைய ஆட்டோமேடிக் கார் ஒன்றை வாங்கினார். உயிர் நண்டுக் கூடைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சென்னைக்கு அவரே ஓட்டிப்போவார். அந்தக் கார் நின்றால் அவர் பிழைப்பு நின்றது.

ஆயில் மாற்ற என்னிடம்தான் வந்தார். “மணி பொண்ணு நீ. வேற எவன் கையிலயும் குடுக்கமாட்டேன்” என்றார். மணி என்றால் என் நைனா. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. முழு வேலையையும் நானே செய்தேன். பழைய ஆயிலை வடித்து, அடித்தட்டைக் கழற்றி, காந்தத்தில் ஒட்டியிருந்த தூளைத் துடைத்து, ஃபில்டரை அதன் ரப்பர் வளையத்தோடு மாற்றினேன். அந்த வண்டிக்குரிய ஆயிலைப் பக்கவாட்டிலிருக்கும் பிளக் வழியாக ஊற்றினேன்.

இந்த மாதிரிக் கியர் பாக்ஸில் அளவு பார்க்கும் குச்சி கிடையாது. என்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்; ஆயில் குறிப்பிட்ட சூட்டுக்கு வந்திருக்க வேண்டும். அப்போது அடித்தட்டில் இருக்கும் அளவுப் பிளக்கைத் திறந்தால், கூடுதல் ஆயில் நூல் மாதிரி ஒழுகும். நூல் அறுந்து சொட்டானதும் மூடிவிட வேண்டும். அதுதான் சரியான அளவு. அப்படியே மூடினேன். இரண்டு பிளக்குக்கும் புது அலுமினிய வாஷர் போட்டேன். வண்டி சத்தமில்லாமல் போயிற்று. மீந்த ஆயில் வாடிக்கையாளருடையது என்பதால், கேனை அவரிடமே கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து ஒரு காலையில் வாசலில் வந்து நின்றார்.

“இன்னாம்மா இது, நீ கை வெச்சதுலேர்ந்து வண்டி அழுவுது.”

நிஜமாகவே அழுதது. பார்க்கிங்கில் நிற்கும்போதே மெல்லிய, நீண்ட ஊளை. முன்னால் போகக் கியர் போட்டால், வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது.

பாஸ்கர் சார் வந்தார். கண்ணாடி பைக்குள் போனது, விரல் உயர்ந்தது. வாசலில் இருந்த காவலாளி முதற்கொண்டு எல்லோரும் அந்த விரலையே பார்த்தார்கள்.

“பம்ப் போச்சு” என்றார். என்னைப் பார்க்கவில்லை, கோதண்டம் அண்ணனைப் பார்த்துத்தான் பேசினார். “அந்தப் பொண்ணு ஃபில்டரச் சரியா உக்கார வெக்கல. காத்த இழுத்து இழுத்து பம்பு தேஞ்சிருக்கு. கியர் பாக்ஸ எறக்கணும். எப்படியும் மூணு வாரம் ஆவும்.”

அந்தப் பொண்ணு நான்தான். இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

கோதண்டம் அண்ணனின் முகம் சுருங்கியது. “சார், நண்டு வர்ற காலம் சார் இது.”

“நான் இன்னா பண்றது? தப்பு எங்க பக்கம்னா நாங்களே சரிபண்ணிக் குடுக்கறோம்.” பிறகு என் பக்கம் திரும்பாமலே, “எறக்கிப் பாத்து ஃபில்டர்தான் காரணம்னா, நாளைலேர்ந்து நீ பில்லு மேசைக்குப் போயிடும்மா. அங்க ஏசி இருக்குது, நல்லா இருக்கும்” என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கியர் பாக்ஸை ஒருமுறை இறக்கிப் பிரித்துவிட்டால், ஃபில்டர் எப்படி உட்கார்ந்திருந்தது என்று பிறகு யாரும் சொல்ல முடியாது. இறக்குகிறவர் சொல்வதுதான் கதை. ஆகவே இறக்குவதற்கு முன்பே எனக்கு விடை தெரிந்தாக வேண்டும்.

“சாப்பாட்டு வேளை வரைக்கும் எனக்குக் குடுங்க சார். நான் பாக்கறேன்.”

“பாரு, பாரு. பாக்கறதுக்கு இன்னா?”

கோதண்டம் அண்ணனைத் தனியே அழைத்துப் போனேன். “அண்ணா, எங்கிட்டேர்ந்து போனப்பறம் வண்டியில யாரு கை வெச்சாங்க?”

“யாரும் வெக்கல.”

“வேற பட்டறைக்கு எடுத்துட்டுப் போனீங்களா?”

“ஏன் போவறேன்? நீ இருக்கும்போது?”

“நீங்க ஏதாவது பண்ணீங்களா?”

“நான் இன்னாத்தப் பண்ணேன்? ஓட்டுனேன், அவ்ளோதான்.”

அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. அதனால் என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. ரப்பர் வளையத்தை உண்மையிலேயே சரியாக அமுக்கினேனா? கை அமுக்கியது நினைவிருந்தது. ஆனால் கையின் நினைவை யாரிடம் காட்டுவது?

வண்டியை லிஃப்டில் ஏற்றி, என்ஜினை ஓடவிட்டேன். சூடு ஏற ஏற ஊளையும் ஏறியது. ஆயில் குறைவாக இருந்தாலும் பம்ப் இப்படிக் கத்தும், அதிகமாக இருந்தாலும் கத்தும். அதிகமானால், சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். பம்ப் அந்த நுரையை உறிஞ்சி ஊளையிடும். சரியான சூடு வந்ததும், வாளியைப் பிடித்துக்கொண்டு அளவுப் பிளக்கைத் திறந்தேன்.

நூலாக ஒழுகவில்லை, கொட்டியது. சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் வெளுத்து, நுரையும் குமிழியுமாக வாளியில் விழுந்தது. நிற்கவே இல்லை. இரண்டு லிட்டருக்கு மேல் இருக்கும்.

முழங்கைவரை ஆயிலோடு நான் நிற்க, பாஸ்கர் சார் வாளியை எட்டிப் பார்த்தார். “பாத்தியா? நீதான் அதிகமா ஊத்தி வுட்டிருக்க. இதுக்கு ஃபில்டரே தேவலாம்.”

ஃபில்டர் தப்பித்தது, நான் மாட்டிக்கொண்டேன். அளவுப் பிளக் வழியாக ஒழுகவிட்டு மூடுகிறவள் இரண்டு லிட்டர் அதிகமாக ஊற்றவே முடியாது என்று விளக்கினேன். அவர் பாதியிலேயே போன் பேசப் போய்விட்டார்.

மிச்சம் இருந்தது பக்கவாட்டுப் பிளக் மட்டும். அதைக் கழற்றினேன். வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தது. வெளியே வந்ததும் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தேன். நான் போட்ட அலுமினிய வாஷரைக் காணோம். மரையைச் சுற்றிலும் நீல நிற நைலான் நூல், கிரீஸ் பூசி, நெருக்கமாக, அழகாகச் சுற்றப்பட்டிருந்தது. வலை பின்னுகிற நூல். தமிழ்நாட்டில் எந்தக் கார் மெக்கானிக்கும் இப்படிச் சுற்றமாட்டான்.

அந்தப் பிளக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கோதண்டம் அண்ணன் வேப்ப மரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“இது இன்னாண்ணா?”

“நூலு.”

“யாரு சுத்துனது?”

“நான்தான்.”

“யாரும் கை வெக்கலன்னு சொன்னீங்க.”

“கை வெக்கலியே. ஆயில் பத்தல, ஊத்துனேன். அதுக்குப் பேரு கை வெக்கறதா?”

நான் பிளக்கில் இருந்த கிரீஸைத் துடைக்க ஆரம்பித்தேன். பேசியிருந்தால் மரியாதை கெட்டிருக்கும்.

அவரே சொன்னார். படகு மோட்டாரை சர்வீஸ் விட்டு எடுத்தால், கடலில் இறக்குவதற்கு முன் அதன் கியர்ப் பெட்டியின் பிளக்கைத் திறந்து விரலை விட்டுப் பார்ப்பது அவர்கள் வழக்கம். ஆயில் வாய் வரைக்கும் நிற்க வேண்டும். இடம் காலியாக இருந்தால், அங்கே உப்புத் தண்ணீர் புகுந்துவிடும். அதற்காகத்தான் பிளக்கில் நூலும் சுற்றுவார்கள். அதே மாதிரி, காரைப் படகு உருட்டும் கட்டைகள் மேல் ஏற்றி, தானே அடியில் படுத்து, பக்கவாட்டுப் பிளக்கைத் திறந்து விரலை விட்டிருக்கிறார்.

“விரலுக்கு எட்டவே இல்ல. சரி, பொண்ணு கொறச்சு ஊத்திடுச்சு போலன்னு நெனச்சேன். நீ குடுத்த கேன்ல இருந்ததக் காலி பண்ணேன். பத்தல. பொன்னேரில அதே செவப்புல இன்னொரு கேன் வாங்கியாந்து, வாய் வரைக்கும் ஊத்தி முடுக்கிட்டேன்.”

“எனக்கு ஒரு போன் பண்ணி இருக்கலாமில்ல?”

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். “பண்ணா, அந்த விரல் தூக்கற ஆளு காதுக்குப் போவும். பொண்ணு தப்பு பண்ணிடுச்சுன்னு ஒன்னப் பழையபடி பில்லு போட வெச்சிடுவாங்க. மணிகிட்ட நான் இன்னான்னு சொல்றது? அதான் சத்தம் போடாம நானே ஊத்திட்டேன்.”

என்னைக் காப்பாற்றத்தான் அவ்வளவும் செய்திருக்கிறார். அந்தக் காலை வைத்துக்கொண்டு அடியில் படுத்து, காசு கொடுத்து ஆயில் வாங்கி, நூல் சுற்றி, என் வேலைக்கே உலை வைத்திருக்கிறார். கோபப்படுவதா, நன்றி சொல்வதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

“இது படகு இல்லண்ணா. இதுல காலி இடம் இருக்கணும்.”

“அத நீ முன்னயே சொல்லி இருக்கணும்” என்றார் அவர், கொஞ்சமும் கூசாமல்.

சாரிடம் பிளக்கைக் காட்டினேன். கோதண்டம் அண்ணனும் பக்கத்தில் நின்று, நூல் தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார். இரண்டாவது கேனில் இருந்தது எந்த ஆயில் என்று தெரியாததால், முழுவதையும் வடித்துவிட்டுப் புதிது ஊற்றினேன். அடித்தட்டைக் கழற்றியபோது ஃபில்டர் நான் அமுக்கிய இடத்திலேயே அசையாமல் உட்கார்ந்திருந்தது. எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஆயிலைச் சூடாக்கி, நூல் சொட்டாகும்வரை பார்த்து மூடினேன். ஊளை நின்றுவிட்டது. கியர் போட்ட உடனே வண்டி நகர்ந்தது.

பாஸ்கர் சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கோதண்டம் அண்ணனிடம், “ஆயில்லதான் கோளாறுன்னு எனக்கு சத்தத்துலயே தெரிஞ்சுது” என்றார்.

“அப்பறம் ஏன் சார் எறக்கணும்னீங்க?” என்றார் அண்ணன்.

“எல்லாப் பக்கமும் யோசிக்கணும் இல்ல?”

அன்று நான் கற்றுக்கொண்டது கியர் பாக்ஸைப் பற்றி அல்ல, கேள்வி கேட்பதைப் பற்றி. ‘ஏதாவது பண்ணீங்களா’ என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். ஊற்றினீர்களா, திறந்தீர்களா, கழுவினீர்களா, எங்கேயாவது இடித்ததா என்று ஒவ்வொரு செயலாகக் கேட்க வேண்டும். எங்கள் பக்கத்து வண்டி என்றால், விரல் விட்டுப் பார்த்தீர்களா என்றும் கேட்க வேண்டும். அன்றிலிருந்து, பிளக்கை முடுக்கியதும் அதன் தலையிலிருந்து பெட்டிவரை குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு இழுத்தேன். யாராவது திறந்தால் கோடு விலகிவிடும். சில மாதங்களில் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர்களுக்கு அந்தக் கோட்டைக் காட்டி, தான் கொண்டுவந்த முறை என்று பாஸ்கர் சார் விளக்கியதைக் கேட்டேன். அப்போதும் விரலைத் தூக்கிக்கொண்டுதான் விளக்கினார்.

கியர் பாக்ஸ் பிரிவில் நான் நிலைத்துவிட்டேன். ஆனால் போன ஆண்டு அந்தப் பிரிவே நிலைக்கவில்லை. இனி சத்தம் என்று வந்தால் தேட வேண்டாம், பிரிக்க வேண்டாம், முழு கியர் பாக்ஸையும் மாற்றும்படி எழுதிக்கொடுத்துவிடுங்கள் என்று புது உத்தரவு வந்தது. காட்டூர் ஆசிரியை ஒருவரின் காரில், வேறெங்கோ ஆயில் மாற்றியபோது ஃபில்டரின் பழைய ரப்பர் வளையத்தை எடுக்காமல் அதன் மேலேயே புதியதைப் போட்டிருந்தார்கள். சத்தத்துக்கு அதுதான் காரணம். கைக்குள் அடங்குகிற வளையத்துக்காக முழுப் பெட்டியையும் மாற்று என்று எழுத என் கை வரவில்லை. எழுதமாட்டேன் என்றேன்.

“ஏம்மா எல்லாத்துக்கும் மல்லுக்கு நிக்கற?” என்றார் பாஸ்கர் சார். உண்மையாகவே அலுத்துப்போன குரல். “வாடிக்கையாளர் தொடர்புன்னு புதுசா ஒரு மேசை போடறாங்க. உனக்குத்தான் சொல்லி வெச்சிருக்கேன். படிச்ச பொண்ணு, நல்லாப் பேசற.”

“அந்த மேசையில இன்னா வேல சார்?”

“கியர் பாக்ஸ மாத்தணும்னு வாடிக்கையாளருக்குப் பக்குவமா எடுத்துச் சொல்றது.”

ஆசிரியையின் காருக்கு வளையத்தை மாற்றிக் கொடுத்துவிட்டு, அந்த வாரமே விலகிக்கொண்டேன்.

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் சாலையில், காட்டூர்த் திருப்பத்துக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையை என் சொந்தப் பட்டறைக்காக வாடகைக்கு எடுத்திருக்கிறேன். முன்பு ஐஸ் பெட்டிகள் அடுக்கி வைத்திருந்த இடம். மும்முனை மின்சாரம் வந்துவிட்டது. பழைய லிஃப்ட் ஒன்றைச் சென்னையிலிருந்து கொண்டுவந்து இறக்கியாயிற்று. அதன் தூண்கள் நிற்பதற்கான கான்கிரீட்டைப் போன வாரம் போட்டோம். ஈரச்சாக்கு மூடி அது இறுகிக்கொண்டிருக்கிறது. நைனா காலையில் ஏரிக்குப் போகும்போது ஒரு குடம், திரும்பும்போது ஒரு குடம் அதன் மேல் ஊற்றிவிட்டுப் போகிறார்.